ஒரு ரிங் போதும்

ஜெஸீமா கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் விரலால் உருட்டிப் பார்த்த பிறகுதான் வண்டிலில் வைப்பாள். வானிலைக்காரன் வெயில் என்று சொன்ன நாளில் குடையோடு வேலைக்குப் போவாள். பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தால், இன்றைக்கு இவளுக்கு என்ன தேவையோ என்று யோசிப்பாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. முஸ்லிம்கள் வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பம் அவளுடையது. அப்போது அவள் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை, எதுவும் நினைவில்லை. ஆனால் முதல்நாள் மாலைவரை சிரித்துக் கதைத்துவிட்டு மறுநாள் வெளியேறச் சொன்னவர்களைப் பற்றிப் புத்தளத்து அகதி முகாமில் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். சிரிப்பவர்களிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது அங்கேயே மனத்தில் படிந்துபோனது.

அப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். விடிகாலையில் வரும் ஒரு ரிங்.

கடல்கடந்து வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டிலிருந்து கணவன் ஸமீம் இருட்டோடு காரை எடுத்துக்கொண்டு கிழக்கே போவான். நகரம் முடிந்து, ரூஜ் ஆற்றையும் தாண்டி, வயல்கள் தொடங்குகிற இடத்தில் வெல்பர்ன் கவுண்டி இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தப் பாதை முழுக்க வழுக்கும் ஐஸ், பக்கத்தில் உரசுவதுபோல வரும் பெரிய லொறிகள். போய்ச் சேர்ந்து காரை நிறுத்தியதும் அவளுடைய போனுக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டுவான். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். புத்தளத்தில் போனுக்குக் காசு போட வழியில்லாத காலத்தில் பழகிய பழக்கம். இங்கே எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம்தான், ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்த ரிங்கை எடுக்கக் கூடாது. எடுத்தால் கொடுத்தவர் பதறிப்போவார், அங்கே வீட்டில் ஏதோ நடந்துவிட்டதாக்கும் என்று. ரிங் வந்து நின்றதும் ஜெஸீமா ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

ஸமீமுக்கு வெல்பர்ன் தீயணைப்புப் படையில் வேலை. இதைக் கேட்டதும் பள்ளிவாசலில் எல்லோரும் அவனுடைய தோளைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள். தீயை அணைப்பவன் அல்ல அவன். அணைக்க ஆள் போதுமா என்று பார்ப்பவன். நாலு பேர் இல்லாமல் வண்டி நிலையத்தைவிட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காலையில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால், ஓய்வில் இருப்பவர்களின் பட்டியலை எடுத்து, முறைப்படி யாருடைய தடவையோ அவனைப் போனில் கூப்பிட வேண்டும். வருகிறேன் என்றால் சரி. எடுக்காவிட்டால், எடுக்கவில்லை என்று குறித்துவிட்டு அடுத்தவன். மற்ற ஊர்களில் இதை மெஷினே செய்கிறதாம். வெல்பர்ன் சின்னக் கவுண்டி, இன்னும் ஆளை வைத்துத்தான் செய்தார்கள். ஒரே மேசை, ஒரே போன். அந்த மேசையில் ஸமீமும், அறுபதை நெருங்கும் அன்ட்ரூவும்.

ஸமீம் ஒரு காலத்தில் தீயணைப்பாளனாகச் சேரத்தான் போனான். உயர ஏணியில் பாதிவரை ஏறினான், கீழே பார்த்தான், இறங்கிவிட்டான். அந்தக் கதையை ஜெஸீமா இதுவரை ஒரு காக்காய்க்கும் சொன்னதில்லை.

அதே ஏணியின் உச்சிவரை ஏறிக் கையசைத்தவன் அவளுடைய தம்பி ரில்வான். போன வசந்தத்தில் வேலைக்கு எடுத்தார்கள். முகத்தில் மயிர் இருந்தால் மூச்சு மாஸ்க் ஒட்டாது என்பதால் ஆசையாய் வளர்த்த தாடியை மழித்தான். படை உடுப்போடு அவன் வந்து வாசலில் நின்ற நாளில் ஜெஸீமாவுக்கு அழுகை வந்தது. ஒரு வருடம் சோதனைக் காலம். அது முடிந்து கப்டன் நல்லபடி எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மனைவி அஸ்ராவுக்கு வயிற்றில் பிள்ளை.

நோன்புக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரில்வான் ரூஜில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றியவன் ஜக்கெற்றைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தான். ஜெஸீமா நோன்பு மாதத்துக்கு இஞ்சியும் பூண்டும் அரைத்து வைக்கிற வேலையில் இருந்தாள். ஸமீம் மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"ராத்தா, என்னை நிப்பாட்டப் போறாங்கள் போல கிடக்கு."

"வாயைக் கழுவு. என்னடா கதைக்கிறாய்?"

"கப்டன் மாக்கஸ் கூப்பிட்டுக் கதைச்சவர். வேலையில ஒரு குறையும் இல்லையாம். ஏணி, குழாய், மாஸ்க் எல்லாம் திறமாம். ஆனா அவசரத்துக்குக் கூப்பிட்டா நான் வாறேல்லையாம். 'ஒவ்வொருக்காவும் உன்ர பேருக்கு எடுக்கேல்லை எண்டுதான் வருது, வருசம் முடியேக்க நான் என்னத்தை எழுதுறது' எண்டு கேக்கிறார்."

"நீ ஏன் எடுக்கேல்லை?"

"என்னை ஆர் கூப்பிட்டது? ஒருத்தரும் கூப்பிடேல்லை ராத்தா! போனைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு படுக்கிறன். அஸ்ராவைக் கேட்டுப் பாருங்கோ. மற்றப் பெடியள் எல்லாரையும் கூப்பிடுறாங்கள், என்னை மட்டும் இல்லை. கூப்பிடாம கூப்பிட்டதெண்டு போடுறாங்கள்."

ஸமீமின் கையிலிருந்த பூண்டுப் பல் நழுவி மேசைக்குக் கீழே உருண்டது. அவன் குனிந்து தேடினான்.

"இஞ்சருங்கோ," என்றாள் ஜெஸீமா. "நீங்கள் அந்த மேசையிலதானே இருக்கிறீங்கள். உங்களுக்குத் தெரியாம உது எப்பிடி நடக்குது?"

மேசைக்குக் கீழிருந்தே பதில் வந்தது. "கம்ப்யூட்டர் அன்ட்ரூவின்ர பேரிலதான் திறந்து கிடக்கும், பதியிறதெல்லாம் அவற்ற பேரிலதான் விழும். அவர்தானே மூத்த ஆள்."

"அப்ப அன்ட்ரூவோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொல்லாட்டி என்ன? எனக்கு விளங்காதோ?"

"ஜெஸீமா, சும்மா இரு. நான் மெல்லக் கதைச்சுப் பாக்கிறன். ரில்வான் எனக்கு மச்சான் எண்டு அங்க எல்லாருக்கும் தெரியும். நான் வாய் திறந்தா, தன்ர ஆளுக்குப் பரிஞ்சு கதைக்கிறான் எண்டுவாங்கள். அவன் சேர்ந்த அண்டைக்கே எங்கட மேலதிகாரி றொனால்ட் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர், உன்ர மச்சானுக்கு ஒரு போன் கோல் முறை மாறி முந்திப் போனாலும் கேள்வி வரும், கவனம் எண்டு."

"பாத்தியாடா தம்பி? இவரின்ர வாயைக் கட்டிப்போட்டு உனக்குக் குழி வெட்டுறாங்கள்."

ரில்வான் மச்சானை இரக்கத்தோடு பார்த்தான். "மச்சானை இதுக்குள்ள இழுக்க வேண்டாம் ராத்தா. அவர் பாவம்."

அன்ட்ரூவை ஜெஸீமா நேரில் கண்டதில்லை. ஆனால் அவருடைய கை அவளுடைய குசினிவரை வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. அவள் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பெட்டியில் ரோல்ஸ் கொடுத்துவிடுவாள். அது கழுவித் துடைத்து, வெறுமனே வராமல், உள்ளே ஏதாவதோடு திரும்பி வரும். கோடையில் தோட்டத்துத் தக்காளி, நத்தார்ப் பெருநாளுக்கு இஞ்சி பிஸ்கற். வெள்ளைக்காரனுக்கும் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று தெரிகிறதே என்று அவள் ஆச்சரியப்பட்டாள். தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கறிக்குப் போட்டாள் என்பது வேறு விஷயம்.

இப்போது எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. ரில்வான் தாடியை மழித்த கிழமையில், 'அடையாளமே தெரியவில்லையே, பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறாய்' என்று அன்ட்ரூ சொன்னதாக அவனே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தான். அப்போது அவளும் சிரித்தாள். சந்தேகம் வந்த பிறகு அந்தச் சிரிப்பை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் அதைச் சொல்லாமல் இருக்க ஏலவில்லை. லோரன்ஸ் வீதியில் ஒரு சிற்றுண்டிக் கடையின் பின்பக்கக் குசினியில் அவளுக்கும் யோகராணிக்கும் வேலை. யோகராணி பருத்தித்துறைக்காரி, வயதில் மூத்தவள், மாவைக் கரைத்துத் தட்டையான சட்டியில் ஊற்றி ரோல்ஸுக்குத் தோல் சுடுவதில் அவளை வெல்ல ஆளில்லை. அவள் சுட்டுச் சுட்டுப் போட, ஜெஸீமா இறைச்சியும் கிழங்கும் சேர்ந்த கலவையை வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி அடுக்குவாள். கைகள் தம் பாட்டில் ஓடும். வாய்க்கு வேறு வேலை வேண்டுமே.

"தாடியைப் பற்றிக் கதைச்சவனோ?" யோகராணி சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். "எடி பிள்ளை, பிறகென்ன? உதைவிட வேற சாட்சி வேணுமே?"

"சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவராம் அக்கா."

"உவங்கள் எல்லாத்தையும் சிரிச்சுக்கொண்டுதான் செய்வாங்கள். எங்கட மனிசனை வேலையால நிப்பாட்டின அண்டும் கேக் வெட்டித்தான் அனுப்பினவங்கள். நான் சொல்லுறன் கேள், தம்பியை எழுதிக் குடுக்கச் சொல்லு. உவன்ர பேரைப் போட்டுக் குடுக்கச் சொல்லு. பேர் இல்லாட்டி உவங்கள் காத்தோட விட்டிடுவாங்கள்."

"மனிசன் தக்காளி எல்லாம் தந்துவிட்டவர்."

"தக்காளி!" என்றாள் யோகராணி, தக்காளிதான் குற்றவாளி என்பதுபோல.

அன்று பின்னேரமே ஜெஸீமா இரண்டு பஸ் மாறி ரூஜுக்குப் போனாள். ரில்வான் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதத்தான் இருந்தான், ஆனால் பெயர் போடத் தயங்கினான். தெரியாமல் எப்படி ஒருவரின் பெயரைப் போடுவது என்று கேட்டான். ஜெஸீமா விடவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள். "அந்த மேசையில இருக்கிறது ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தர் உன்ர மச்சான். மிச்சம் ஆர்?" கணக்குச் சரியாகத்தான் இருந்தது. தாடி விஷயத்தையும் சேர்த்துப் போடு என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள்.

நோன்பு தொடங்கி ஒரு கிழமைக்குள் விசாரணை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்களின் நடத்தையைப் பார்க்கிற பிரிவுக்காரர்கள் வந்து, அன்ட்ரூவை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அவர் முப்பது வருடமாக அங்கே இருந்தவர். தன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனாராம். ஸமீம் நோன்பு திறக்கும் நேரத்தில் இதைச் சொன்னான். சொல்லிவிட்டுக் கஞ்சியை எடுக்காமல் ஈச்சம்பழக் கொட்டையைச் சுண்டிக்கொண்டிருந்தான்.

"நல்லது," என்றாள் ஜெஸீமா. "அல்லாஹ் காட்டிக் குடுத்திட்டான்."

"அந்த மனிசனுக்கு ஓய்வுக்கு ஒரு வருசம்தான் கிடந்தது."

"கூப்பிடாமலே கூப்பிட்டன் எண்டு போடேக்க அவரெல்லோ அதை யோசிச்சிருக்க வேணும்? உங்களுக்கு ஏன் முகம் கறுக்குது?"

"ஒண்டுமில்லை. பசிக்கேல்லை."

பகல் முழுக்க நோன்பிருந்தவனுக்குப் பசிக்கவில்லை. ஜெஸீமா அவனைப் பார்த்தாள். இவர் இப்பிடித்தான், வெள்ளைக்காரன் என்றால் கூனிக் குறுகிப்போவார் என்று நினைத்தாள். சந்தேகப்படுவதில் இவ்வளவு கெட்டிக்காரி, பக்கத்துக் கோப்பையில் கஞ்சி ஏன் தொடாமல் கிடக்கிறது என்று அதற்குமேல் யோசிக்கவில்லை.

மற்றொரு நாள் ரில்வானுக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை விசாரணைக்காரர்கள் முன் வந்து, சத்தியம் செய்து, அன்ட்ரூவுக்கு எதிராகச் சொல்ல வேண்டும். அது முடிந்தால் அந்த மனுசனுடைய வேலை போய்விடும், ரில்வானின் வேலை நிலைத்துவிடும். ஜெஸீமா பள்ளிவாசலுக்கு ஒரு சட்டி கஞ்சி நேர்ந்துகொண்டாள்.

அதற்கு முந்திய வியாழன். அவள் வேலை முடிந்து வந்து, தேங்காய்ப்பால் பிழிந்து, கஞ்சியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். ரம்பை இலையும் இஞ்சியும் கொதித்து வாசம் வீடு முழுக்க நின்றது. கதவு தட்டப்பட்டது. திறக்கும் முன் கதவின் கண்ணாடி ஓட்டையால் பார்த்தாள். தொப்பியில் பனியோடு உயரமான ஒரு கிழவர், கையில் அவளுடைய பச்சைப் பெட்டி.

சங்கிலியைக் கழற்றாமல் கதவை அந்தளவுக்கு மட்டும் திறந்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தான் அன்ட்ரூ என்றார். ஆங்கிலத்தை மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினார். பெட்டி என் வீட்டில் கிடந்தது, இனி வேலைக்குப் போவேனோ தெரியாது, அதனால் கொண்டுவந்தேன் என்றார். உள்ளே மனைவி செய்த அப்பிள் ஜாம் இருக்கிறது, நோன்பு என்று தெரியும், பிறகு சாப்பிடலாம் என்றார்.

ஜெஸீமா சங்கிலியைக் கழற்றிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, நன்றி என்று மட்டும் சொன்னாள். இவர் எதற்கு வந்திருக்கிறார், என்ன கேட்கப் போகிறார் என்று மனம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியிடம் சொல்லி மனுவை எடுக்கச் சொல்லுவார், அழுவார், மிரட்டுவார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளாகவே கேட்டாள், தனக்கு வந்த ஆங்கிலத்தில்: "என் தம்பியை ஏன் நீங்கள் கூப்பிடவில்லை?"

அன்ட்ரூ அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "நானா? நான் அவனை ஒருநாளும் கூப்பிட்டதில்லையே அம்மா. ஸமீம்தான், அவன் என் குடும்பத்துப் பிள்ளை, நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது."

"அவர் கூப்பிட்டவரோ?"

"பார்த்திருக்கிறேனே. தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை, மேசைப் போனில் ரில்வானுக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டுவான். என்ன இது என்று ஒருநாள் கேட்டேன். வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் சொல்வது எங்கள் வழக்கம் என்றான். எனக்கு அது மிகவும் பிடித்தது. என் பிள்ளைகள் கிழமைக்கு ஒருதரம்கூட எனக்குப் போன் எடுப்பதில்லை."

"ஆள் தேவைப்படுகிற நாளில்?"

அன்ட்ரூ கொஞ்சம் யோசித்தார். "அந்த நாட்களிலும் கூப்பிடத்தான் செய்தான். பையன் எடுக்கவில்லை என்பான். பாவம், தூக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்." பிறகு தொப்பியை மாட்டினார். "இதை நான் விசாரணையில் சொல்லவில்லை. ஸமீம் நல்ல மனிதன். எனக்காக அவனே பேசுவான் என்று நம்புகிறேன்."

அவருடைய முகத்தில் ஏதாவது குத்தல், ஏதாவது தந்திரம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் படியால் இறங்கிப் போனார். லிப்ற் பழுதாகிக் கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பச்சைப் பெட்டியை மேசையில் வைத்தாள். ஸமீம் வந்து சேர்ந்த ரிங் கொடுப்பது தனக்கு. தன் கைப்போனிலிருந்து, காரில் இருந்தபடியே. பிறகு எதற்கு உள்ளே போய் இன்னொன்று, மேசைப் போனில், ரில்வானுக்கு?

அஸ்ராவுக்குப் போன் எடுத்தாள். வேலையில் இருக்கிற தம்பியைக் கேட்க மனம் வரவில்லை.

"அஸ்ரா, ஒரு விசயம் கேக்கிறன். விடியக் காலமை ரில்வானுக்கு ரிங் ஏதும் வாறதோ?"

"ஓம் மதினி, வேலை நாளெல்லாம் வரும். ஸமீம் நானா குடுக்கிறவர், வந்து சேர்ந்திட்டன் எண்டு. ஒரு ரிங் அடிச்சு நிக்கும். மச்சான் சேஃபாப் போயிட்டார் எண்டு சொல்லிப்போட்டு இவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடுவார். ஏன் மதினி?"

"ஒண்டுமில்லை. நீ கஞ்சி காய்ச்சினியோ? வெறும் வயித்தோட நிக்காத."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். கஞ்சி அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் அகப்பையை எடுத்தாள். வேலியே பயிரை மேய்கிறது என்று உம்மா அடிக்கடி சொல்லுவா. அந்த வேலிக்கு இவ்வளவு காலமும் தானே காவல் நின்றிருக்கிறாள்.

ஸமீம் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வந்தான். மேசையில் பச்சைப் பெட்டியைக் கண்டான். நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஆர் கொண்டுவந்தது?"

"வந்து இருங்கோ. பாங்கு சொல்லப் போகுது."

ஈச்சம்பழமும் தண்ணீரும் மட்டும் எடுத்தார்கள். கோப்பைகளில் ஊற்றிய கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஜெஸீமா சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாததில்தான் ஸமீமுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"முதல் நாள் எப்பிடித் தொடங்கினது?" என்று கேட்டாள்.

அவன் பெட்டியைப் பார்த்தபடியே தொடங்கினான். "அவன்ர தடவை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் நம்பரைத் தட்டினனான், ஒரு ரிங் போனது. அப்ப றொனால்ட் அறைக்குள்ள வந்தார். எனக்கு நெஞ்சு பக்கெண்டது. மச்சானுக்கு ஓவர்டைம் குடுக்கிறான் எண்டு சொல்லுவாங்கள், நாளைக்கு எல்லாரும் கதைப்பாங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? வெட்டிப்போட்டன். எடுக்கேல்லை எண்டு போட்டன். ஒருக்காத்தானே எண்டு நினைச்சனான்."

"பிறகு?"

"அந்த வெள்ளிக்கிழமை இஞ்ச சாப்பிட வந்தவன். 'மச்சான், ஞாயிற்றுக்கிழமை ரிங் குடுத்தீங்கள், வந்து சேர்ந்திட்டீங்கள் எண்டு விளங்கினது, என்னையும் யோசிச்சீங்களே' எண்டு சந்தோசமாச் சொல்லுறான். நான் என்னத்தைச் சொல்ல? ஓம் எண்டன்."

"ஓம் எண்டிட்டு, பிறகு நாள் தவறாமக் குடுத்தீங்கள்."

ஸமீம் கஞ்சிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினான்.

"பயம் எண்டா அந்த ஒரு நாளோட போயிருக்கும். ஒவ்வொரு நாளும் ஏன் குடுத்தீங்கள்? உண்மையாக் கூப்பிட வேண்டிய நாள் அவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது எண்டுதானே?"

ஸமீம் ஈச்சம்பழக் கொட்டைகளை விரலால் ஒன்றுசேர்த்தான்.

"அவன் அந்த உடுப்போட வந்து வாசலில நிண்டானே, அண்டைக்கு நான் அழுதன். நீங்கள் பல்கனியில போய் நிண்டீங்கள். குளிருக்க. நான் நினைச்சன் நீங்களும் அழுறீங்கள் எண்டு."

"அழுதனான்தான்."

"எதுக்கு?"

அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லக்கூடியதாக இல்லை. பாதி ஏணியில் நின்று கீழே பார்த்த அதே முகத்தோடு இருந்தான். அவன் பயந்துதான் செய்தானா, ரில்வான் உச்சிவரை ஏறியதைத் தாங்காமல் செய்தானா என்று ஜெஸீமா அந்த முகத்தில் தேடினாள். முட்டையை உருட்டிப் பார்ப்பது சுலபம். இவ்வளவு வருடம் ஒரே பாயில் படுத்தவனை எப்படி உருட்டிப் பார்ப்பது? இனி எந்த ரிங்கையும் அல்ஹம்துலில்லாஹ் என்று விட்டுவிட முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

"அன்ட்ரூவின்ர பேரைப் போடச் சொன்னது நான்," என்றாள். "மனிசன்ர சோத்தில மண் போட்டது நான். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தீங்கள்."

"நாளைக்குச் சொல்லுவன், நாளைக்குச் சொல்லுவன் எண்டுதான் ஒவ்வொரு நாளும்... சொன்னா என்ர வேலை போயிடும் ஜெஸீமா."

"போகட்டும்."

"நாளைக்குக் காலமை, அவன் உள்ள போக முந்தி, நானே றொனால்டிட்டப் போய்ச் சொல்லுறன். சத்தியமா."

"றொனால்டிட்டப் பிறகு சொல்லலாம். முதல்ல சொல்ல வேண்டிய ஆள் வேற."

அவனுடைய கைப்போன் கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்து ரில்வானின் பெயரைத் தட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, மேசை நடுவில் வைத்தாள்.

ஒரு ரிங் போனது. ஸமீமின் கை தன் பாட்டில் போனை நோக்கி நீண்டது. பழக்கம். ஜெஸீமா அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினாள். மாவிலும் ரஸ்க் தூளிலும் காய்த்த கை, பிடி இறுக்கம்தான்.

இரண்டாவது ரிங் போனது. பிறகு அடுத்தது. அங்கே ரூஜில் அவன் நோன்பு திறந்துவிட்டு, போனைப் பார்த்தபடி, இப்போது நிற்கும் இப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டிருப்பான் என்று இருவருக்கும் தெரிந்தது. ரிங் நிற்கவில்லை.

"மச்சான்?" ரில்வானின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "என்ன மச்சான்? ராத்தாவுக்கு ஏதுமோ? ரிங் வெட்டுப்படேல்லை, அதுதான் எடுத்தனான்!"

ஜெஸீமா கையை விட்டாள். ஸமீம் தண்ணீர்க் கோப்பையை எடுத்தான், குடிக்காமல் திரும்ப வைத்தான்.

"தம்பி," என்றான். "இது வந்து சேர்ந்த ரிங் இல்லை. இதுக்கு முந்தி வந்ததுகளும் இல்லை."